தவறு கிதாரிலா, கம்ப்யூட்டரிலா, கையிலா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? படம் பார்ப்பார்கள், பாட்டு கேட்பார்கள், போட்டோக்களைப் போல்டர் போல்டராகப் பிரித்து வைப்பார்கள். இரண்டாம் மாதத்தில் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி வந்துவிடும். வீட்டில் ஏதாவது ஓர் இசைக்கருவி இருந்தால் அதற்கு நல்ல பதில் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு ரிக்கார்டிங் கருவி. அதைவிட முக்கியமாக, நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று ஒளிவுமறைவு இல்லாமல் காட்டும் கண்ணாடி.

நான் சாப்ட்வேர் என்ஜினியர். தேனாம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். பொழுதுபோக்கு, பேஸ் கிதார் வாசிப்பதும் சேகரிப்பதும். மூன்று கிதார்கள் இருக்கின்றன. நான்காவது வாங்க 38,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். காரணம், நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பதாக ஒப்புக் கொண்டிருந்தோம். ஒத்திகையில் எல்லோரும் ஒரே புகார் சொன்னார்கள்: “பேஸ் ஒட்டவே மாட்டேங்குதுடா.” கிதார் சரியில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பணத்தைக் கொடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அந்தச் சோதனையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். வீணை, வயலின், கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

பேஸ் கிதார் என்றால் என்ன?

சாதாரண கிதாருக்கு ஆறு கம்பிகள். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். இவற்றின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் கிதார் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது.

ஆளுயர டபுள் பேஸ் செய்த வேலையைத் தோளில் மாட்டும் அளவில் செய்ய, அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951ல் கொண்டு வந்தது பிரசிஷன் பேஸ். ‘துல்லியம்’ என்ற பெயருக்குக் காரணம், அதன் கழுத்தில் பதித்த பிரெட் கம்பிகள். சரியான இடத்தில் விரல் வைத்தால் சுருதி தப்பாது. 1960ல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடைகளில் தொங்கும் பேஸ் கிதார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் சாயலில் இருப்பவைதான்.

தமிழர்களுக்கு இந்த ஒலி புதிதல்ல. தேனாம்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மயிலாப்பூரில், தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜா மேற்கத்திய இசை கற்றார். பிறகு அவர் பாடல்களில் பேஸ், தாளத்தோடு சேர்ந்து தட்டும் கருவியாக மட்டும் இல்லாமல் தனக்கென ஒரு மெட்டோடு நடந்தது. அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸும் சென்னைக்காரர்தான். இவர்கள் பெயரைக் கேட்டிராதவர்களும் இவர்கள் வாசித்ததைக் கேட்டிருப்பார்கள்.

லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் ஏன் கேட்பதில்லை?

ஒரு சின்ன சோதனை. 1982ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலை லேப்டாப் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு அதையே ஒரு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முன்பு இல்லாத ஒருவர் புதிதாக வந்து வாசிப்பது போல இருக்கும். அவர்தான் பேஸ் வாசிப்பவர்.

கீழ் ஸ்வரங்களை ஒலிக்க நிறைய காற்றைத் தள்ள வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. பொதுவாக 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் சத்தம் வேகமாகத் தேய்ந்துவிடும். பேஸின் நான்கு திறந்த கம்பிகளும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன.

‘அப்படியானால் லேப்டாப்பில் பேஸ் சுத்தமாகக் கேட்கக் கூடாதே, கொஞ்சம் கேட்கிறதே?’ என்று நீங்கள் கேட்கலாம். ஈ கம்பியை மீட்டினால் 41 ஹெர்ட்ஸ் மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று 82, 124, 165 என மேல் ஒலிகளும் சேர்ந்தே வரும். மேலே இருப்பதைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டியதை நம் மூளை ஊகித்துக் கொள்கிறது. ஊகம் ரசிக்கப் போதும், பழகப் போதாது. எனவே முதல் செலவு கிதாருக்கு அல்ல, காதை மூடும் நல்ல ஹெட்போனுக்கு. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு இருக்காது. வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். கீழ் ஸ்வரங்களில் சத்தம் கூடியிருப்பது சட்டென்று தெரியாது.

எங்கே செருகுவது?

கிதாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். காந்தத்தின் அருகே கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம்தான் கேபிள் வழியாக வெளியே வருகிறது.

எல்லோரும் செய்யும் முதல் தவறை நானும் செய்தேன். ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி, கிதார் கேபிளை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். சத்தம் தகர டப்பாவைத் தட்டியது போல வந்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று, மைக் துளை மைக்குக்காகச் செய்தது. கிதார் பிக்கப்புக்குச் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ள நுழைவாய் வேண்டும். மைக் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம்தான். அதனால் ஒலியின் தெளிவு போய்விடுகிறது. இரண்டு, பேச்சுக் குரலைத் தெளிவாக்க விண்டோஸில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கும். நீண்டு ஒலிக்கும் பேஸ் ஸ்வரத்தை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும். சவுண்டு செட்டிங்ஸில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை ஆஃப் செய்து வையுங்கள்.

சரியான வழி, யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் என்ற சின்னப் பெட்டி. ஒரு பக்கம் கிதார் கேபிள், மறுபக்கம் யுஎஸ்பி. அதில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். கிதாருக்கு அதை அழுத்த வேண்டும். ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பட்டனும் இருந்தால் நல்லது. அதன் பயன் கீழே வருகிறது.

ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிபயரில் ‘ஸ்பீக்கர் அவுட்’ என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து ஒருபோதும் கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். இன்டர்பேஸ் எரிந்துவிடும்.

‘உம்ம்’ என்று இரைகிறதா?

நம் ஊர் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாவது பிரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மின் இரைச்சலும் ஒரு பேஸ் ஸ்வரம் போலவே பாட்டில் கலந்து நிற்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் கோளாறு சார்ஜர் பக்கம் அல்லது எர்த் இணைப்பில். குறையவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரிச்சி தெருவில் கேபிள், பின் எல்லாம் கிடைக்கும். கிதாரை டியூப்லைட், மானிட்டர் ஆகியவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஆடாசிட்டியில் பதிவு செய்தல்

ஆடாசிட்டி இலவச சாப்ட்வேர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனுக்களின் இடம் கொஞ்சம் மாறலாம்.

1. ஆடியோ செட்டப் பட்டனை கிளிக் செய்து, ரிக்கார்டிங் டிவைஸ், பிளேபேக் டிவைஸ் இரண்டுக்கும் உங்கள் இன்டர்பேஸைத் தேர்வு செய்யுங்கள். சேனல் ‘மோனோ’ போதும்.

2. ஜெனரேட் மெனுவில் ‘ரிதம் டிராக்’ என்பதை கிளிக் செய்யுங்கள். டெம்போ 100 என்று கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரு தாள டிராக் உருவாகும்.

3. கர்சரை ஆரம்பத்துக்குக் கொண்டு வந்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி ஆர் கீயைத் தட்டுங்கள். புதிய டிராக்கில் பதிவு தொடங்கும். வெறும் ஆர் தட்டினால் பழைய டிராக்கின் கடைசியில் போய்ப் பதிவாகும். புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

4. தாளத்தைக் கேட்டபடி வாசியுங்கள். முடிந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள்.

இடப்பற்றாக்குறை பற்றிக் கவலை வேண்டாம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பிதான் ஆகும்.

தாமதம் யாருடையது?

இப்போது கண்ட்ரோல் கீயுடன் 1 தட்டி ஜூம் செய்து பாருங்கள். தாளத்தின் ஒவ்வொரு ‘டிக்’கும் கூரான கோடாகத் தெரியும். உங்கள் ஸ்வரங்கள் அதற்கு நேர் கீழே தொடங்க வேண்டும். என் திரையில் எதுவும் நேராக இல்லை. ‘பார்த்தாயா, கம்ப்யூட்டர்தான் லேட்’ என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பாதிதான் நியாயம்.

கம்ப்யூட்டர் ஒலியை ஒவ்வொரு துளியாக அனுப்புவதில்லை. ஷேர் ஆட்டோ போல, ஆள் நிரம்பிய பிறகே வண்டியை எடுக்கும். இந்தக் காத்திருப்புக்கு இடம் தரும் நினைவகப் பகுதிதான் பஃபர். 256 துளிகள் நிரம்பியதும் கிளம்பினால் 5.8 மில்லி செகண்ட் தாமதம். இது ஆம்ப்ளிபயரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், பெரிதாகத் தெரியாது. 1,024 துளிகள் என்றால் 23 மில்லி செகண்டுக்கு மேல். உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று என்று இது இரட்டிப்பாகும். மீட்டியது பிந்திக் கேட்டால் கை தடுமாறும். டைரக்ட் மானிட்டர் பட்டனை அழுத்தினால் உங்கள் கிதார் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

ஆனால் பதிவில் தாமதம் இருக்கத்தான் செய்யும். அதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. டைரக்ட் மானிட்டரை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஊளைச் சத்தம் வரும். கம்பிகளைக் கையால் அடக்கிக் கொண்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை பிக்கப்பின் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளின் காந்த அதிர்வை பிக்கப் பிடித்துக் கொள்ளும். நீங்கள் வாசிக்காமலே ‘டிக்’ ஒலி பதிவாகும். மேல் டிராக்கின் டிக்குக்கும் கீழ் டிராக்கின் டிக்குக்கும் உள்ள இடைவெளியை மவுஸால் செலக்ட் செய்தால் எவ்வளவு நேரம் என்று கீழே எண்ணில் காட்டும். எனக்கு 46 மில்லி செகண்ட் காட்டியது. பிரிபரன்சஸில் ‘லேட்டன்சி காம்பன்சேஷன்’ என்ற இடத்தில் உள்ள எண்ணிலிருந்து இதைக் கழியுங்கள். மைனஸ் 130 என்று இருந்தால் மைனஸ் 176 என்று மாற்றுங்கள். திரும்பவும் சோதித்தால் இரண்டு டிக்கும் நேர்கோட்டில் நிற்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வதானால் இதை வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் தாமதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொரு டிக்குக்கும் 46 என்றால் 46தான். மனிதனின் தவறு கூடும், குறையும். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் கம்ப்யூட்டரைத் திருத்துங்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தி இருந்தால் கையைத் திருத்துங்கள்.

கம்ப்யூட்டரைத் திருத்திவிட்டு மறுபடி வாசித்தேன். மெதுவான இடங்களில் 10, 15 மில்லி செகண்டுக்குள் இருந்தேன். ஆனால் ஈ கம்பியிலிருந்து டி கம்பிக்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் 60 மில்லி செகண்ட் வரை முந்திப் பாய்ந்திருந்தேன். டெம்போ 100ல் அரை பீட் என்பதே 300 மில்லி செகண்ட். அதில் ஐந்தில் ஒரு பங்கு அவசரம்! தாவல் கஷ்டம் என்று பயந்து, முன்கூட்டியே தாவியிருக்கிறேன். நான்கு ஒத்திகைகளாக நண்பர்கள் சொன்னது இதைத்தான்.

எங்கள் கீழ்வீட்டு மாமா மிருதங்கம் வாசிப்பவர். ஒருநாள் படியில் பார்த்தபோது சொல்லியிருந்தார்: “தம்பி, வாத்தியம் நன்னாத்தான் இருக்கு. காலப்பிரமாணம் நிக்கலையே. ஓடறேளே!” அப்போது சிரித்துக் கொண்டே வந்துவிட்டேன். திரையில் பார்த்த பிறகு கீழே போய், “நீங்க சொன்னது சரி மாமா” என்றேன்.

மூன்று கிதார், ஒரே வரி

அப்படியும் மனம் கேட்கவில்லை. கிதாருக்கு இதில் பங்கே இல்லையா? அதையும் சோதித்தேன். நீங்களும் புதிதாக ஒன்று வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

என்னிடம் இருப்பவை: கல்லூரி நாளில் வாங்கிய பழைய விலை மலிவான பேஸ், பிரசிஷன் மாதிரி ஒன்று, பேட்டரி போட்ட ஐந்து கம்பி பேஸ் ஒன்று. மூன்றிலும் ஒரே எட்டு பார் வரியை ஒரே டெம்போவில் பதிவு செய்தேன். பிறகு எஃபெக்ட் மெனுவில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ கொடுத்து மூன்றையும் சம சத்தத்துக்குக் கொண்டு வந்தேன். இது அவசியம். சத்தம் கூடுதலாக இருப்பதையே ‘நல்ல ஒலி’ என்று காது ஏமாந்துவிடும். பைல்களின் பெயரை 1, 2, 3 என்று மாற்றித் தரும்படி தங்கையிடம் சொன்னேன். எது எந்த கிதார் என்று தெரியாமல் கேட்டு, மிகச் சிறந்தது என்று நான் எழுதிக் கொடுத்தது பழைய மலிவு பேஸ்! காரணமும் பிறகு புரிந்தது. அதில்தான் இரண்டு வாரம் முன்பு புதுக் கம்பி மாற்றியிருந்தேன். மற்ற இரண்டிலும் ஒரு வருடத்துக்கு மேலான கம்பிகள். கை வியர்வையும் சென்னைக் கடற்காற்றின் ஈரமும் கம்பியை மங்கவைத்துவிடும்.

இதனால் எல்லா கிதாரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கழுத்தின் பருமன், எடை, பிக்கப் எல்லாம் வேறு வேறு. அந்த வேறுபாடுகளுக்காகத்தானே சேகரிக்கிறோம். ஆனால் புதுக் கம்பி போட்டு, ஒரே சத்தத்தில், பெயர் தெரியாமல் கேட்ட பிறகும் ஒரு கிதார் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள். சென்னையில் கையில் எடுத்துப் பார்க்கவும் இடம் உண்டு. அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் 1842ல் தொடங்கிய கடை.

சேகரிப்புக்கு ஒரு பட்டியல்

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972ல் லண்டனில் திருடு போனது. அது அவரிடம் திரும்பி வந்துவிட்ட செய்தி 2024ல்தான் வெளியானது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்! நம் கிதார் அத்தனை புகழ் பெற்றதல்ல. ஆனாலும் தொலைந்தால் நமக்கு வலிக்கும்.

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறந்து, ஒவ்வொரு கிதாருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, கம்பி மாற்றிய தேதி, கழுத்தைச் சரி செய்த தேதி என்று பத்திகள் போதும். சீரியல் எண், கீறல்கள், பில் ஆகியவற்றை போட்டோ எடுத்து அதே போல்டரில் வையுங்கள். அந்தக் கிதாரில் பதிவு செய்த ஒரு நிமிட பைலும் இருக்கட்டும். ஒரு பிரதி பென் டிரைவில் இருப்பது நல்லது.

பேட்டரி போட்ட பேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க. கேபிள் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி செலவாகிக் கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியில் என்ன ஆனது?

நான்காவது கிதார் வாங்கவில்லை. இரண்டு செட் கம்பி மட்டும் வாங்கினேன். ரிசப்ஷனுக்கு எட்டு வாரம் இருந்தது. டெம்போவை 60க்கு இறக்கி, அந்த ஒரு தாவலை மட்டும் தினமும் இருபது நிமிடம் பழகினேன். வாரம் ஒருமுறை பதிவு செய்து அளந்து, அந்த ஷீட்டிலேயே குறித்து வந்தேன். 60, 55, 55, 40 என்று இறங்கி எட்டாவது வாரம் டெம்போ 100ல் 20க்குள் வந்தது. நடுவில் ஒரு வாரம் குறையவே இல்லை என்பதையும் கவனியுங்கள், அது சகஜம்.

ரிசப்ஷனில் என் வாசிப்பை யாரும் தனியாகப் பாராட்டவில்லை. ஒத்திகையில் ஒவ்வொரு பாட்டிலும் என்னைத் திரும்பிப் பார்த்த பாடகர், அன்று ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பேஸ் வாசிப்பவனுக்கு அதுவே பெரிய சர்டிபிகேட்.

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு கிதாரோ வீணையோ தூங்கிக் கொண்டிருக்கலாம். தூசி தட்டி எடுங்கள். பிக்கப் இல்லாத வாத்தியம் என்றால் லேப்டாப்பில் உள்ள மைக்கே தொடங்கப் போதும். முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஜூம் செய்து பாருங்கள். கடைக்குப் போவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.